விரல் அழுத்திய குழி

என் அண்ணிக்கு மீன் வாங்க வருகிறவர்களைப் பிடிக்கும். மீனைத் தொட்டுப் பார்க்கிறவர்களைத்தான் பிடிக்காது. காசிமேட்டில் அவள் பலகைக்கு முன்னால் நின்று யாராவது வஞ்சிரத்தின் வயிற்றில் விரலை வைத்துவிட்டால் போதும். "நான் அழுத்திப் பாத்துதான் ஏலத்துல எட்த்தேன். நீ இன்னா புச்சா அழுத்துறே?" என்பாள். அழுத்தின இடம் உடனே எழும்பினால் மீன் புதுசு, குழி அப்படியே நின்றால் கெட்டுவிட்டது. அவளுக்கு இதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது.

அண்ணனின் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போய்விட்டதால், திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் வீட்டில் அப்போது நாலு பேர். மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிற அண்ணன், அண்ணி, அம்மா, முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிற நான். டேப் பிடித்து அண்ணிக்கு அளவு எடுக்கிற எனக்குத் தெரியும். மார்பின் கனம் தாங்காமல் பாடியின் பட்டி இரண்டு தோளிலும் வாய்க்கால் மாதிரி பள்ளம் பறித்திருந்தது. கோடையில் மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகும். ஐஸ் பெட்டிக்குக் குனிந்தால் நிமிரும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, மார்பைக் குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டான். அம்மாதான் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"புள்ளிங்களுக்குப் பால் குட்த்த மாரு. அத்தப் போயி அறுப்பியா? கத்தி பட்டா அயுகித்தான் போவும். இந்த வயசுல அழகு கேக்குதா ஒனக்கு?"

"ஆமா அத்தே, அழகுந்தான். வலியும் போவட்டும், அழகாவும் இருக்கட்டும். இன்னா தப்பு?"

இதை அவள் சொன்னது வீட்டுக்குள் அல்ல, தெருக் குழாயடியில், குடத்தோடு நின்ற அத்தனை பெண்கள் முன்னால். எங்கள் தெருவில் பெண்களுக்கு எந்த ஆபரேஷன் நடந்தாலும் வயிற்றுவலி என்றுதான் பெயர். இவள் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா அவளிடம் அன்றைக்கு நிறுத்தின பேச்சுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது முதலில் நான் பார்த்தது தையலைத்தான், தொழில் புத்தி விடுமா? காம்பைச் சுற்றி, அங்கிருந்து நேராகக் கீழே, பிறகு மார்பு மடிகிற இடத்தில் நீளமாக. சுருக்கம் இல்லாத சுத்தமான வேலை. அதற்கு மேல் இருந்த நிறங்களைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நாவல்பழம் நசுங்கின மாதிரி ஊதா, விலா வரைக்கும் இறங்கியிருந்தது. தோல் இறுகிப் பளபளவென்று கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி திருப்பவில்லை. தினமும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, கடலைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறவன் போல எனக்கு உரக்கச் சொல்லுவாள். இன்னிக்கு ஊதா வெளுத்துப் பச்சையாகியிருக்கிறது. இன்னிக்கு ஓரமெல்லாம் மஞ்சள். காம்பில் உணர்ச்சியே இல்லை. பிறகு ஒருநாள், "கரண்ட் அட்ச்சா மேரி சுரீருன்னுது மே, உசுரு வந்துகினு கீது" என்று சந்தோஷப்பட்டாள். அரிப்பு உயிரை வாங்கியபோதும் சொறியாமல், துணிக்கு மேலே உள்ளங்கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நானாக இருந்தால் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா பேசவில்லை. ஆனால் அவள் குழம்பில் கத்திரிக்காய் போய்விட்டது, கருவாடு போய்விட்டது. புண் ஆற வேண்டும் என்று விரால் வாங்கிவந்து காரம் குறைத்து வைத்து, தட்டை அண்ணி பக்கத்தில் நங்கென்று வைத்துவிட்டுப் போவாள். இந்த வீம்பை என்ன சொல்வது?

எல்லாம் ஆறிவருகிறது என்று நினைத்திருந்தபோது, ஒரு காலையில் குளித்துவிட்டு அண்ணி என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. உள்ளே போனேன். மார்பின் கீழ்ப்பக்கம், தையலுக்குத் தள்ளி, ஆள்காட்டி விரலால் அழுத்தி எடுத்தாள். குழி நின்றது. பக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தினாள். இரண்டு குழியும் எழும்பாமல் அப்படியே நின்றன.

"அயுகிப் போச்சு மே" என்றாள்.

புயல் நாளில் அண்ணன் கடலில் இருக்கும்போதும் சோறு தின்று தூங்கி எழுகிறவள் அவள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன். ஆட்டோ பிடித்தோம். வழக்கம்போல கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ரோட்டை அடைத்து நின்றன. நான் டிரைவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி முந்தானைக்குள் கையை விட்டு, அழுத்தி அழுத்திப் பார்த்தபடி வந்தாள்.

"மொத்தமா எட்த்துடுவாங்களோ இன்னாவோ" என்றாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "அதுகூடப் பரவால்ல. அத்த சொன்னது பலிச்சிடுச்சின்னா, நம்ம தெருவுல இனி எவளாவது வலிக்குதுன்னு வாயத் தொறப்பாளா?" என்றாள். நான் லாரிக்காரர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

வார்டில் இருந்த நர்ஸ் துணியை விலக்கி, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். ஜுரம் அடித்ததா, சீழ் வந்ததா, நாற்றம் உண்டா என்று கேட்டாள். எதுவும் இல்லை. பிறகு ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று கேட்டபோது அண்ணி மீன் கணக்கைச் சொன்னாள். நர்ஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். அங்கேயும் குழி நின்றது.

"டூட்டிக்கு வந்ததுலேர்ந்து நிக்கிறேன். நானும் அழுகிட்டேனா? உள்ள நீர் கோத்திருக்கும்மா. ஆபரேஷன் பண்ண இடத்துல அப்படித்தான் இருக்கும், மெல்ல வடியும். சிவந்து சூடாப் பரவினாலோ, சீழ் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கினாலோ ஓடி வா. இதுக்குப் பயப்படாத. நீ சொல்ற கணக்கு செத்த மீனுக்கு. நீ உசுரோட இருக்கியே."

டாக்டரும் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். அண்ணி மார்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

நீர் வடிந்தது. தையல் ஓரத்தில் தோல் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. சிவந்திருந்த தழும்பு எங்கள் நிறத்துக்கு ஏற்றபடி கறுத்து, அங்கங்கே தடித்து, பிறகு மெல்ல அடங்கியது. பார்க்க வந்த மார்க்கெட் பெண்களுக்கு முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு அவளே திறந்து காட்டினாள். "கறுப்பு போறதுக்கு ரொம்ப நாள் ஆவும். அவசரப்பட்டா வேலைக்காவாது" என்று டாக்டரம்மா தோரணையில் சொன்னாள். அவர்களில் ஒருத்தி எல்லாரும் போனபிறகு தயங்கி நின்று, அந்த வார்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். என் அண்ணியை நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

அவள் திரும்ப மீன் விற்கப் போக வேண்டிய நாள். பீரோ முன்னால் நான் தைத்த புது ரவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். டீ கொண்டுவந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். போகவில்லை. அவளும் மீன் விற்றுத்தான் எங்களை வளர்த்தவள். கையை நீட்டி, தழும்புக்குப் பக்கத்தில் ஒரு விரலால் அழுத்தி எடுத்தாள். தோல் சட்டென்று எழும்பியது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதுவும் எழும்பியது.

"நல்லாத்தான் கீது" என்றாள். அத்தனை மாதம் கழித்து அவள் அண்ணியிடம் பேசிய முதல் பேச்சு அது.

பிறகு அம்மாவின் விரல் மேலே போய், தோளில் பட்டி பறித்த பள்ளத்துக்குள் படிந்தது. அதைத் தடவிவிட்டு, எழும்புமா என்று காத்திருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது மட்டும் ஏன் எழும்பல?"

"அது பழசு அத்தே" என்றாள் அண்ணி. "உங்க வூட்டுக்கு வந்ததுலேர்ந்து கீது. இம்மா நாளா யாரும் தொட்டுப் பாக்கல."

அம்மா அந்தப் பள்ளத்திலிருந்து விரலை எடுக்கவே இல்லை.