ரகசியத்தை உரக்கச் சொன்ன கணினி

உரக்கச் சொல்லியே ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா? ஸ்ஃபாக்ஸ் நகரத்து மொன்ஜி முடியும் என்றுதான் நம்பினார். பார்வையில்லாத அவருக்குக் கணினிதான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும். பழகப் பழக அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனதில், மற்றவர்களுக்கு அது கடுகு பொரிவது மாதிரிதான் கேட்டது.

ஒருநாள் நண்பன் எழுதியிருந்ததை அது கடகடவென்று வாசித்தது: "வெள்ளிக்கிழமை பந்தாட்டம் பார்க்க வந்துடு. உன் வீட்டம்மா செய்யற குஸ்குஸ்கிட்டருந்தும் தப்பிக்கலாம். பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிடு."

பக்கத்தில் அந்தக் குஸ்குஸ் ரவையை வேகவைக்க உதிர்த்துக்கொண்டிருந்த மனைவி ரஃபீகா கேட்டாள்: "எந்தப் பல்லுங்க?"

மொன்ஜி அவசரமாகக் கணினியை நிறுத்தினார். "உனக்கு... எவ்வளவு நாளா இது புரியுது?"

"ஏழு வருஷமா. உங்க தங்கச்சி என்னைப் பூசணிக்கான்னு எழுதினாளே, அதுக்கும் முன்னாடியிருந்து."

விஷயம் கேட்டுச் சிரித்த மகள் அன்றே ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாள். மொன்ஜி அதைக் கடைசிவரை பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ரஃபீகா பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கணினியை வாசிக்கவே விடுவார்.