அரிசிக் கிட்டங்கியில் மூன்று மைக்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருந்த எங்கள் அரிசிக் கிட்டங்கிக்கு ஒரு சிறப்பு உண்டு. நாலு பக்கமும் மூட்டை அடுக்கியிருப்பதால் சத்தம் சுவரில் மோதித் திரும்பாது. இதைக் கண்டுபிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கேசட்டில் பாட்டுப் பதிந்து பெரிய ஆளாகப் போவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்.

"இன்னைக்கு உருப்படியா ஒண்ணு பதிஞ்சு காட்டும் மாப்பிளே. இல்லேன்னா நாளைக்கு வந்து தராசைப் பிடியும்."

தம்பானூர் ஓட்டலில் டிரம்ஸ் வாசிக்கும் சேட்டன் சாமான்களை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். மாமா வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் பக்கவாட்டில் ஒரு கொக்கி பளபளத்தது. பளபளக்கிற கொக்கியை ஒன்பது வயதுக்காரன் என்ன செய்வானோ, அதைச் செய்தேன். டொக்கென்று இறங்கிவிட்டது. டிரம்மின் அடித்தோலை ஒட்டியிருந்த சுருள்கம்பிகள் தளர்ந்து தொங்கின. கொக்கியைத் திரும்ப ஏற்ற என் விரலுக்கு வலு இல்லை. ஓடிப்போய் மூட்டை மேல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

சேட்டன் வந்து ஓர் அடி அடித்தார். பளாரென்று அறைய வேண்டிய டிரம், காலிப் பீப்பாய் மாதிரி "டும்" என்றது. அவர் குனிந்து டிரம்மின் அடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தார்.

"மைக்கு ஒண்ணு மாத்தி நோக்காம், சாரே" என்றார் மாமாவிடம்.

மாமா ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அவ்வளவு தொழில் பக்தி. பாட்டுக்காரர்கள் பிடிக்கிற உருண்டைத் தலை மைக்கை எடுத்துவிட்டு, மெலிந்த நீள மைக்கைக் கயிற்றில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டார். டும்.

"மூட்டையைத் தொப்புன்னு போட்டாலும் இதே சத்தம்தான் வரும் மாப்பிளே. அதுக்கு மைக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் கெடுத்தது டிரம்மையா, மைக்கையா, மாமாவின் வாழ்க்கையையா? பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். இரண்டாவது டும்முக்குப் பதினொன்று. மாமா மூன்றாவது மைக்கை எடுத்தபோது நூற்றொன்றுக்கு ஏறிவிட்டேன். அத்தனையையும் சுமக்கிறது யார் என்கிற கவலை வேறு.

மூன்றாவது, கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கிற, மூக்கு நசுங்கின மைக். டிரம்மின் விளிம்புக்கு இரண்டு விரல் மேலே, மூக்கு நடுத்தோலைப் பார்க்கும்படி வைத்தார் மாமா. ஸ்டாண்டைச் சரிசெய்வதுபோல் சேட்டன் குனிந்தார். நிமிர்ந்து அடித்தார்.

பளார்!

"கிட்டிப்போயி! மைக்கு இதாணு சாரே! சாரின்டெ செவி சம்மதிக்கணும்!" என்று மாமாவின் காதை மெச்சினார் சேட்டன்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவாயில்லையே" என்று அப்பா எழுந்தார். அவர் வாயிலிருந்து மாமாவுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. மறுநாள் தராசில் அப்பாவேதான் நின்றார்.

இத்தனை வருடம் வாசிக்கிற மனுஷனுக்குத் தன் டிரம்மில் கொக்கி இறங்கியது தெரியவில்லையே என்று அன்று நான் இளக்காரமாக நினைத்தேன். முதல் அடியிலேயே அவர் கொக்கியைத் தூக்கியிருந்தால் என் முதுகும் மாமாவின் மானமும் அப்பா முன்னால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை. புறப்படும்போது சேட்டன் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். கிட்டங்கித் தூசி விழுந்துவிட்டது போல என்று, ஊதிவிடப் பக்கத்தில் போனேன்.