மூடிக்கொண்ட நத்தை

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. சபைக் கமிட்டிச் செயலாளர் ஏசுதாசன் பேசினார். "டீச்சர், உபதேசியார் பூட்டாரு" என்றார். மாதக்கணக்காக எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். இருந்தும் கையிலிருந்த முட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே நின்றேன். பிறகு மீதியையும் உரித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை உதவியாளரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தானியேல் உபதேசியாரை உங்களில் பலருக்குத் தெரியும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள நம் சின்னச் சின்னச் சபைகளுக்கெல்லாம் சைக்கிளிலேயே போய் வந்த மனிதர். ஆயர் மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, பிரசங்கம் செய்வது, நோயாளி வீட்டில் போய் உட்கார்ந்து ஜெபிப்பது எல்லாம் இவர் தலையில்தான். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அடக்கத்தன்று என் காதில் விழுந்த ஒரு பேச்சு என்னை எழுத வைக்கிறது.

கல்லறையில் மண் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ண மனுசன், கடைசில எனக்கு ஜெபமே வாணாம்னுட்டாராமே. விசுவாசத்த வுட்டுட்டாரு போல." திரும்பி ஏதாவது கேட்டிருப்பேன். அவருடைய மனைவி சாராள் அக்கா பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். அக்கா காதிலும் அது விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் பிரசங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பேச்சாளர் இல்லை அவர். வழியில் என்ன பார்த்தாரோ அதுதான் அன்றைக்குச் செய்தி. வரப்பில் எறும்பு ஊர்ந்தால் எறும்பு, ஏரிக்கரையில் கொக்கு நின்றால் கொக்கு. காஞ்சிபுரம் டவுனில் சைக்கிள் கடைக்காரருக்குப் பிறந்து வளர்ந்தவர். அதனால் வயலும் ஏரியும் அவருக்குப் புதுசு. எங்களுக்கோ கூலிக்கு இறங்கி இடுப்பொடிகிற இடம் அது. அவர் வியந்து வியந்து சொல்வதைக் கேட்கப் பல நாள் எனக்குச் சலிப்பாக இருக்கும்.

ஒரு ஞாயிறு காகத்தைப் புகழ்ந்து பேசினார். குயில் முட்டையைத் தன் முட்டைபோல அடைகாத்து, வந்த குஞ்சுக்கு இரை கொடுக்கிறதே, அதுவல்லவா அன்பு என்றார். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ரெபேக்காள் பொறுக்காமல் எழுந்துவிட்டாள். "அய்யா, அது குயில் குஞ்சுன்னு காக்காவுக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்சா கொத்தித் தொரத்திடும்." கோயிலே சிரித்தது. அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியாம செஞ்சா இன்னாம்மா, அந்தக் குஞ்சுக்கு வயிறு ரொம்புச்சா இல்லியா?" என்று கேட்டார். ரெபேக்காள் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவர்மேல் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அதற்கெல்லாம் முன்பு, அவர் எங்கள் ஊருக்கு வந்த முதல் கோடையில் நடந்தது நத்தை விஷயம். நான் அப்போது அங்கன்வாடி வேலைக்குப் போகவில்லை, கூலி வேலைதான். ஏரி வற்றிச் சேறு இறுகிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் தெருப் பெண்கள் கடப்பாரையும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கி நத்தை தோண்டுவோம். வேலை இல்லாத மாதத்தில் குழம்புக்கு அதுதான். புது உபதேசியார் தானும் உதவுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தோண்டிப் போட்டதைப் பொறுக்கிக் கூடையில் சேர்க்கும் வேலையை அவரிடம் விட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கூடையிலிருந்து குமட்டும் நாற்றம். எட்டிப் பார்த்தேன். வாய் திறந்து கிடந்த நத்தைகளையெல்லாம் பக்குவமாக அடுக்கி வைத்திருந்தார். வாய் மூடியவற்றை ஒன்று விடாமல் தூர எறிந்துகொண்டிருந்தார். "இன்னாய்யா பண்றீங்க?" என்று கத்தினேன். "இதெல்லாம் செத்துப்போச்சும்மா. அசையவே இல்ல. கதவச் சாத்திக்கினு கீது பாரு" என்றார். நாங்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "அய்யா, சாத்திக்கினு கீறதுதான் உசிரோட கீது. உள்ள கொஞ்சம் ஈரத்த வெச்சிக்கினு மழைக்குக் காத்துக்கினு கீது. தொறந்து கீறதுதான் செத்தது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எறிந்த திசையிலெல்லாம் போய்க் குனிந்து குனிந்து பொறுக்கி வந்தார்.

அந்த வாரப் பிரசங்கம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. தன் மடத்தனத்தையே எடுத்துச் சொன்னார். பிறகு எத்தனையோ ஊர்ச் சபைகளில் அதையே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். "உசிரோட கீறத செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டவன் நான்" என்றுதான் தொடங்குவாராம். எனக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை. என் வீட்டுக்கே ஒருநாள் அது வந்து சேரும் என்று அப்போது தோன்றவில்லை.

என் மகன் ஜான்சன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வண்டியில் வரும்போது லாரி மோதிப் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. நான் தலைவியாக இருந்த பெண்கள் சங்கத்துக்கும் போகவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தேவசித்தம் என்று வாயைத் திறந்தாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்புவார். பாவம், அவருக்கும்தான் பிள்ளை போயிருந்தது.

உபதேசியார் வந்தார். கதவைத் தட்டவில்லை. சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய சிமெண்டுத் தொட்டிமேல் உட்கார்ந்தார். ஜன்னல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதத்தைத் திறக்கவில்லை, பாடவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமும் அதே மணி, அதே தொட்டி. அதற்கடுத்த வாரமும் வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் என்ன எனக்குக் காவலா என்று திட்டினேன்.

அந்தச் சமயத்தில் கமிட்டியில் என் பேச்சு வந்திருக்கிறது. சாராள் அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னது இது. கிருபா பின்மாற்றத்தில் போய்விட்டாள், விசுவாசத்தைவிட்டு விலகிவிட்டாள், சங்கத் தலைவி பொறுப்பில் வேறு ஆளைப் போட வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். உபதேசியார் எழுந்து, "நத்தைய எறிஞ்சவன் நான் ஒருத்தன் போதும். நீங்களும் எறியாதீங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர் அவர்.

நான் கதவைத் திறந்தது ஐப்பசி மழையில். குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொட்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மனம் இளகித் திறந்தேன் என்று நினைக்காதீர்கள், கோபத்தில்தான் திறந்தேன். "இன்னாத்துக்குய்யா இப்டி வந்து வந்து குந்திக்கினு கீறீங்க?" என்று கேட்டேன். "சும்மாதாம்மா. ஒருத்தன் வந்துட்டுப் போறான்னு உனக்குத் தெரியட்டும்னு" என்றார். "எம் புள்ளைய ஏன்யா எடுத்துக்கினாரு உங்க கர்த்தரு?" என்றேன். அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரிலம்மா" என்றார். நத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றிலும் ஒரு செய்தி கண்டுபிடிக்கிற மனிதர் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளை போன பிறகு வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன்.

கோயிலுக்கு உடனே ஓடிவிடவில்லை. மறு வருஷம் அறுப்பின் பண்டிகைக்குத்தான் போனேன். கொல்லையில் காய்த்த ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய்ப் பீடத்தின் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் வைத்த வாழைத்தாரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினார்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும், டயாலிசிஸுக்கு செங்கல்பட்டுக்குப் போய்ப் போய் வந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களில் பலர் ஜெபிக்க வந்தீர்கள். நல்ல மனதோடுதான் வந்தீர்கள். அவர் சொன்ன எறும்பையும் கொக்கையும் அவருக்கே திருப்பிச் சொல்லித் தைரியப்படுத்தினீர்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒருநாள் கையை உயர்த்தி, வேண்டாம் என்று சைகை காட்டினார். அந்தச் சைகைதான் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

நானும் போனேன். ஜெபிக்கப் போகவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். ஒருநாள் திரும்பிப் பார்த்து அவராகப் பேசினார். குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது.

"கிருபாம்மா, நான் சொன்னதெல்லாம் எனக்கே ஒதவலம்மா."

"ஒதவலன்னா வுட்டுடுங்கய்யா."

"பயமா கீது."

"கீட்டும்யா. நான் இங்கதான் கீறேன்."

பிறகு, "ஏரில தண்ணி கீதா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லய்யா. வெடிச்சிப் போய் கீது" என்றேன். தலையை மெல்ல அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவர் விசுவாசத்தோடு போனாரா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து கற்ற பதிலையே சொல்கிறேன். கண்ணீரும் சாட்சியுமாகச் சாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அவர்களுக்குக் கிடைத்த கிருபை. இவருக்கு அது கிடைக்கவில்லை. வலியும் பயமுமாகப் போனார். ஆனால் விட்டுவிட்டார் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் உள்ளத்துக்குள் போய்ப் பார்த்தீர்களா? வாயை மூடிக்கொண்டவரைச் செத்தவர் பக்கம் எறிய நமக்கு யார் சொன்னது? அந்தத் தவறை அவர் ஏரியில் ஒருமுறை செய்தார். செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினார். நாம் அவரையே எறிந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டோம்.

இதை எழுதும்போதும் மழை இல்லை. சாராள் அக்கா அடக்கத்துக்குப் பிறகு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஜெபத்துக்கும் கதவைத் திறக்கவில்லை. அக்காவும் விசுவாசத்தை விட்டுவிடுவார்களோ என்று இப்போதே பேச்சு கிளம்பியிருக்கிறது. வேலை முடிந்ததும் நான் போகிறேன். எனக்கு சைக்கிள் இல்லை, அடிக்க மணியும் இல்லை. வாசலில் செருப்பை உதறிச் சத்தம் காட்டிவிட்டு, துணி துவைக்கும் கல்மேல் உட்காருகிறேன். பிரசங்கம் செய்ய எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த உட்காருதல் ஒன்றுதான்.

நேற்றும் போனேன். உள்ளே ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. இருட்டும் வரை இருந்துவிட்டு, "அக்கா, வந்துட்டுப் போறேன்" என்று சொல்லி எழுந்தேன். கதவு மூடியேதான் இருந்தது. நாளைக்கும் போவேன்.