ஒரே ஒரு கியரில் நிற்கும் சத்தம்

கிர்ர்ர்ர்...

காலையில் கொட்டாஞ்சேனையில் நான் பெடலை மிதிக்கத் தொடங்கினால், சந்தியில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படி ஒரு சத்தம் என் ரேஸ் சைக்கிளில்.

பின் கியருக்குக் கீழே செயினைத் தாங்கிக்கொண்டு பல்லு வைத்த இரண்டு குட்டிச் சில்லுகள் தொங்கும். சைக்கிளோடு வந்தவை பிளாஸ்டிக், மூச்சு விடாது. நான்தான் ஒன்லைனில் பார்த்து மயங்கி, சிவப்பு அலுமினியத்தில் ஒரு சோடி எடுப்பித்துப் போட்டேன். அவைதான் இப்படிக் கத்தும்.

இங்கிலீஷில் அதற்குப் பெயர் pulley, எங்கள் வாயில் வந்தால் புலி. கொழும்பில் ஒரு தமிழன் நடுரோட்டில் நின்று "என்ட புலி கத்துது" என்று சொல்லலாமா? "அந்தப் பேர மட்டும் சத்தமா செல்லாத மச்சான்" என்று ரிஸ்வான் காதைக் கடித்தான். அன்றிலிருந்து எங்களுக்கு அது சில்லுதான்.

ரிஸ்வான் வெள்ளவத்தை. கொள்ளுப்பிட்டியில் ஒரே ஒஃபிஸ், பக்கத்து மேசை. எனக்கு அது முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓடுவோம். அவன் முன்னால், நான் பின்னால். பள்ளம், பஸ், த்ரீவீல்... முன்னால் பார்க்கவே இரண்டு கண் போதாது, திரும்பிப் பார்க்க ஏது நேரம்?

"உன்ட சத்தம் கேட்டாச் சரி. நீ பின்னால ஈக்கிற எண்டு வெளங்கும்" என்பான்.

அந்த வருடம் கம்பெனிகளுக்கு இடையில் ஒரு சைக்கிள் போட்டி. எங்கள் டீமில் ஒரே ஒரு இடம் மிச்சம்... எனக்கா, அவனுக்கா? பேலியகொடையிலிருந்து ஜா-எல வரை ஓடி, முதலில் போய்ச் சேர்பவனுக்கு.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஒஃபிஸில் என்னை "புது ஆள்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த டீமில் இருந்தால் பெயராவது தெரியவரும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். கடைசிக்கு முந்தின கியரில் செயின் நேராக விழும். சத்தம் அப்படியே நின்றுவிடும். அவனிடம் மூச்சே விடவில்லை.

ஞாயிறு காலை. மீன் சந்தை லொறிகளுக்கு நடுவில் புறப்பட்டோம். அவன் முன்னால்... நான் கிர்ர்ர் என்று பின்னால்.

வத்தளை தாண்டியதும் ஒரு மீன் லொறி மெதுவாக ஊர்ந்தது. அவன் அதன் இடப்பக்கத்தால் போனான்.

நான் கியரை மாற்றினேன். டிக். சத்தம் நின்றது.

வலப்பக்கத்தால் லொறியை முந்திக்கொண்டு மிதித்தேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் துரத்தி வருவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் கையைக் காட்டி லொறியை மறித்திருந்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு, குனிந்து லொறிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சைக்கிளைத் தூக்கி, வந்த வழியே திரும்பி ஓடினான்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.

ஜா-எலயில் காத்து நின்ற டீம் ஆட்கள் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். ரிஸ்வான் அரை மணித்தியாலம் கழித்து வந்தான். இறங்கியதும் என் முழங்கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தான்.

"எங்கடா ஈந்த நீ? சத்தமே கேக்கல்ல. உழுந்துட்டயோ எண்டு பயந்துட்டன்."

"அது தானா நிண்டிட்டுது மச்சான்" என்றேன்.

நம்பிவிட்டான்.

இப்போது என்னிடம் இருப்பது விலை கூடிய சைக்கிள். கியர் மாறுவதே தெரியாது. காலிக்குப் போகும் வீதியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓடுகிறோம், எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருக்கும். போன கிழமை எனக்கு டயர் போனது. அவர்கள் கோப்பி குடித்து முடித்த பிறகுதான் ஒருவன் மெசேஜ் போட்டான், "எங்க நிக்கிறீங்க?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, லொறிக்கு அடியில் குனிந்த அந்த முதுகு ஞாபகம் வந்தது...

ரிஸ்வான், நீ இந்தப் போஸ்டைப் பார்ப்பாய் என்று தெரியும். அது தானா நிக்கேல்ல மச்சான். நான்தான் நிப்பாட்டினனான். நீ திரும்பிப் போனதையும் கண்டனான்.