சுருன்மாவின் அடிக்குரல்

என் தம்பி செதிப்புக்கு மண்டைக்கனம் அதிகம். ஒரே மூச்சில் இரண்டு குரல் எடுப்பான்: அடியில் வண்டு ரீங்காரம், மேலே விசில்.

"மேல கேக்குறது வேற குரல் இல்லக்கா. ஒரு சுருதிக்குள்ளேயே அதைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வேகமாத் துடிக்கிற சுருதியெல்லாம் ஒளிஞ்சிருக்கு. நாக்கை மடக்கி அதுல ஒண்ணை வெளிய இழுக்குறேன், அவ்வளவுதான்" என்பான்.

எங்கள் துவா மலைநாட்டில் இந்த ஹூமெய்ப் பாட்டு ஆண்களுடையது. சின்ன வயதில் நானும் பாடிப் பார்த்தேன். அம்மா வாயிலேயே ஒன்று போட்டாள். "பொம்பளை பாடினா கரு தங்காதுடி!"

செதிப்பின் மனைவி சுருன்மா மூன்று பெற்றவள், மாடு மேய்ப்பவள், சரியான வாயாடி. போன குளிர்காலத்தில் அவள் குரல் நாணில் கட்டி வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் நாணையே எடுத்துவிட்டார்கள். இனி கிசுகிசுக்கத்தான் முடியும் என்றார் டாக்டர். அவள் ஏசாமல் அந்த வீட்டில் பொழுது எப்படி விடியும்?

அவள் வீடு திரும்பிய அன்று நான்தான் உப்புத் தேநீர் போட்டேன். பால் போதவில்லை என்று செதிப் முகம் சுளித்தான். சுருன்மா வாயைத் திறந்தாள்.

"பால் வேணும்னா நீ போய்க் கறந்துட்டு வா!"

பொலிகாளை உறுமியது போலிருந்தது. என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. செதிப்புக்கு முகம் வெளுத்துவிட்டது. நாணுக்கு மேலே இருக்கும் சதை மடிப்பைத் துடிக்கவைத்து எடுக்கும் குரல் அது. செதிப் பாடும்போது நாண் இரண்டு முறை துடிக்கும் நேரத்தில் மடிப்பு ஒரு முறை துடிக்கும், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்; அவளுக்கு நாண் போய் அந்த மடிப்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் குரல் படிய செதிப்பே வருஷக்கணக்கில் தொண்டை புண்ணாகக் கத்தியிருக்கிறான்.

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"நீதான். வீடு அதிரக் கத்துனா என் காதுல விழாதா?"

"இன்னைக்குத்தான் வந்துச்சா?"

அவள் வெளியே போய், அதே குரலில் சரிவைப் பார்த்து நீளமாக இழுத்தாள். புதுக் குரல் என்றால் எங்கள் மாடுகள் மிரண்டு ஓடும். அன்று ஒன்றுகூட மிரளவில்லை. தலையை நிமிர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக அவளை நோக்கி இறங்கி வந்தன.

செதிப் மாடுகளைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான்.

"நீ பாட ஆரம்பிச்சது புள்ளைங்க பொறக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடியே."

அம்மா அடித்த அன்றோடு பாட்டை விட்டவள் நான். எனக்குத்தான் பிள்ளை இல்லை.