குச்சியில் மாட்டிய ஹெல்மெட்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அத்தையிடம்.

இன்று காலை கணிதப் பாடத்தின் நடுவில் என்னைப் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அப்பா வேலைச் சட்டையோடு நின்றார். "மாமா தவறிட்டாரும்மா. சைட்டுல பழைய குண்டு வெடிச்சிடுச்சி" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "எந்தக் குண்டு?" என்றுதான் கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சேகர் மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் புது வீடுகள் கட்டும் இடத்தில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டினார். அந்த மண்ணில் போர்க்காலக் குண்டுகள் கிடைப்பது புதிதில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக வந்து இறங்கும் என்று ஜப்பானியர்கள் இந்தப் பக்கம் காத்திருந்தார்கள். சண்டை இங்கே வருவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. சேர்த்துவைத்த குண்டுகளில் சில மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. இதையெல்லாம் பள்ளியின் சரித்திரக் கண்காட்சிக்காகப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டும்போது எந்திரத்தின் பக்கெட் இரும்பில் பட்டால் உடனே இஞ்சினை அணைப்பார். இறங்கி, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, தன் மஞ்சள் ஹெல்மெட்டை அதில் மாட்டிவிட்டுத் தள்ளி வந்து நிற்பார். போலீஸ் வரும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது ஒருநாள் வழுக்கைத் தலை சிவக்கச் சிவக்க வந்தார். "அலமாக்! மண்டையில ரொட்டி சானாய் சுடலாம் போல இருக்கே" என்று அத்தை சிரித்தார். "வெயில்ல வெந்தா தைலம் தேய்க்கலாம். வெடிச்சா என்னத்த தேய்க்கிறது?" என்றார் மாமா.

போன வருடம் வெறும் தண்ணீர்க் குழாய்க்குப் போய் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். அரை நாள் வேலை நின்றது. "நீ டிரைவரா, சாமியாரா?" என்று முதலாளி கத்தினாராம். "டிரைவர்தான் பாஸ். வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாராம். அந்தப் பிள்ளை கவி. இப்போதுதான் ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

அப்படிப்பட்டவரை நான் நச்சரித்தேன். "எல்லாரும் படம்தான் ஒட்டுறாங்க மாமா. எனக்கு உண்மையான சாமான் வேணும்." முடியவே முடியாது என்றார். இரண்டு வாரம் நான் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை துண்டில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், வால் பக்கம் சின்ன இறக்கைகள், எல்லாம் துரு. "இது செத்துப்போனது லா. ஆனாலும் கீழ போட்டுடாத. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத." நான் நன்றிகூடச் சொல்லவில்லை. "இன்னொண்ணு கெடைச்சா மேசைக்கு ரெண்டு பக்கமும் வைக்கலாமே" என்றேன். "போடி, பேராசை பிடிச்சவளே" என்று தலையில் குட்டினார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மாலையில், அத்தையும் கவியும் சொந்தக்காரர்களும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது, மாமாவோடு வேலை செய்யும் முருகன் அண்ணன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "குச்சியில மாட்டிட்டு வந்து எங்களோட உக்காந்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, எழுந்து திரும்பிப் போயிட்டாரு" என்று அழுதார். ஏன் போனார், ஏன் போனார் என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

அவர் எனக்குக் கொடுத்தது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதுவும் செத்துப்போனதுதானா? சொன்னால் அத்தை என் முகத்தில் விழிப்பாரா? சொல்லாவிட்டால், வீட்டில் இத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்.

மாமா, உங்கள் ஹெல்மெட்டை என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். ஒரு பக்கம் விரிசல். நாற்காலியில் துடைப்பத்தைக் கட்டி, அதன் மேல் மாட்டி, கட்டிலுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். நீங்கள் செய்வது போலவே தள்ளி வந்து, கதவோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். போய் வாருங்கள், மாமா. நீங்கள் திரும்பிப் போனது போல் நான் போக மாட்டேன். காலையில் எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள். கவியின் குரல். "அக்கா, எனக்குத் தூக்கம் வரல. உங்க கட்டில்ல படுத்துக்கிறேன்."

அவளை உள்ளே விட மாட்டேன். காலைவரை காத்திருக்க முடியாது. இப்போதே வெளியே போய் அத்தையிடம்