அமெரிக்கரின் அணி

எண்பதுகளின் நடுவில், ஜெர்மன் பேசும் கூர் என்ற மலை நகரத்து விடுதி ஒன்றில் நான் கோப்பை கழுவினேன். அங்கே உணவு பரிமாறிய அமெரிக்கரைப் போல அலட்டுகிற மனிதரை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. தடித்த கழுத்து, சாயம் போன கல்லூரி ஜாக்கெட். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், உப்பு, மிளகுப் போத்தல்களை மேசையில் பரப்பித் தன் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி எப்படி ஆடுகிறது என்று விளக்கத் தொடங்கிவிடுவார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் கால்பந்தாம்!

“உவருக்கு விசர்,” என்பார் எங்கள் சமையற்கார அண்ணை. நானும் அவரைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பருவம் அவருடைய அணி தோற்கவே இல்லை. இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, பனிச்சறுக்க வந்த விருந்தினர்கள் கோப்பிக்குக் காத்திருக்க, அவர் ஆட்டத்தின் முடிவை ஊருக்கு அழைத்துக் கேட்கத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றார். முதலாளி கதவைத் தட்டிக் கத்தினார். அமெரிக்கர் அழுதுகொண்டே வெளியே வந்து, “வெண்டிட்டம்!” என்றார். அந்த நிமிடமே வேலை போனது.

பெட்டியோடு புறப்பட்டவரிடம் என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்: “நீங்கள் அந்த அணியில எவ்வளவு காலம் விளையாடினனீங்கள்?”

“நான் விளையாடேல்லை. முதல் கிழமையே என்னைக் கழிச்சுப்போட்டாங்கள்.”

“பிறகேன் இந்தக் கூத்து?”

“கழிச்சா, அவங்கள் என்ரை ஆக்கள் இல்லையெண்டு ஆகுமோ?”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. என்னை வேண்டாமென்ற ஒருவரைக்கூட நான் இதுவரை மன்னித்ததில்லை. அந்த மனிதர் முட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.